பளிச்சென்று ஒரு பேனர்

ஜூன் 7, சனி

இன்று முதல் ‘அருகில்’ அமைப்பின் நிர்வாகம் முழுவதும் என் கையில். சம்பளம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அவர்கள் தருவதாகச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம். என் அக்கா மகள் இந்துமதி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். சரியாகச் சொன்னால், போனில் கூப்பிட்டது அக்காதான். “வீட்டுல ஒக்காந்து ரிமோட்டத் தேச்சுக்கிட்டு இருக்கறதுக்கு, பிள்ளைக்கு ஒத்தாசையாப் போயி நாலு சேரத் தூக்கிப் போடுடா” என்றாள். இரண்டும் ஒன்றுதான்.

தீக்காயத் தழும்பு, வெண்புள்ளி, பிறவி மச்சம், பிளந்த உதடு என்று பார்த்தவுடன் வெளியே தெரியும்படி முகமோ உடம்போ அமைந்தவர்களுக்கான இடம் இது. ஆரப்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் கூடிப் பேசுவார்கள். வேலைக்குச் சிபாரிசு, டாக்டரிடம் கூட்டிப் போவது, பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கேலி செய்தால் போய் நியாயம் கேட்பது, எல்லாம் உண்டு. இந்துவுக்கே பிறக்கும்போது உதடு பிளந்திருந்தது. தைத்த கோடு இப்போதும் தெரியும். காலேஜில் பாடம் நடத்துகிறாள். அவள் வாயைத் திறந்தால் நான் உட்பட எல்லோரும் அடக்கம்.

எனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். இதே ஆரப்பாளையம் ஸ்டாண்டில் தனியார் பஸ் கம்பெனிக்கு முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். என் விசில் இல்லாமல் ஒரு வண்டி நகர்ந்ததில்லை. படிப்பு எட்டாம் வகுப்பு. அதையும் இரண்டு முறை படித்தேன், ஆகையால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தெரியும்.

இந்து ஒரே ஒரு விதி சொன்னாள். “மாமா, யாரையும் என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேக்கக் கூடாது. அவுகளாச் சொன்னாக் கேட்டுக்கங்க.”

ஜூன் 14, சனி

நாற்காலி போட்டேன். டீ வாங்கி ஃபிளாஸ்கில் ஊற்றினேன். மைக் தேவையில்லை என்றார்கள், என் குரலே போதும் என்பதால் இருக்கலாம்.

மரகதம் என்று ஒருவர் வருகிறார். செல்லூர்க்காரர். வீட்டில் ஜாக்கெட் தைக்கிறார். வெண்புள்ளி. வீட்டுக்காரர் எப்போதோ விட்டுவிட்டுப் போனாராம், நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். எல்லோரையும் “அண்ணே” என்று கூப்பிடுகிறார். ஆட்டோ ஓட்டும் பால்ச்சாமிக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு, அவனும் அண்ணன்தான். என்னை மட்டும் “டைம்கீப்பரே” என்கிறார். இதில் ஒன்றும் இல்லை. எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, எழுதினேன்.

ஜூன் 17, செவ்வாய்

அலுவலகத்தில் குழாய் ஒழுகியது. தனியாளாகச் சரி செய்தேன். பிளம்பரும் கூட இருந்தார்.

ஜூன் 21, சனி

இந்துவின் விதியை நான் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்விட்டேன். கேட்கக் கூடாது என்றால் பார்க்கவும் கூடாது அல்லவா. யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. டீ கொடுக்கும்போது டம்ளரைப் பார்ப்பேன், பேசும்போது தோளைப் பார்ப்பேன். இந்த நாகரிகம் படித்தவர்களுக்கே வராது.

பால்ச்சாமிக்குத்தான் புரியவில்லை. முன்பு ஹோட்டலில் வேலை பார்த்தபோது பாய்லர் வெடித்து ஒரு பக்கக் கன்னம் வெந்துபோனவன். “மாமா, நான் இங்கிட்டு இருக்கேன். நீங்க செவத்துக்கிட்டப் பேசிக்கிட்டு இருக்கீக” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வைப்பதும் நிர்வாகத்தில் ஒரு பகுதி.

மரகதம் இன்று காக்கிப் பச்சைப் புடவை. பையில் எப்போதும் ஒரு இஞ்சு டேப் தொங்குகிறது. மின்விசிறிக்குக் கீழே அவருக்கு ஒரு நாற்காலி ஒதுக்கி வைத்தேன், தையல்காரர்களுக்கு முதுகு வலி இருக்கும் என்பதால்.

ஜூன் 28, சனி

அமைப்பின் ஆண்டு விழா ஜூலை 19. ஒரு சின்ன கல்யாண மண்டபம். மண்டபக்காரரை நான் ஒரு பார்வை பார்த்தேன், பாதி வாடகைக்குக் கொடுத்தார். முன்பே பாதி என்று இந்துவிடம் சொல்லியிருந்தாராம். என் பார்வையும் உதவியிருக்கும்.

விழாவில் மரகதம் மேடையேறிப் பேச வேண்டும் என்று இந்து கேட்டாள். வெளி ஆட்கள் வரும் கூட்டம். மரகதம் ரொம்ப நேரம் இஞ்சு டேப்பைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தார்.

“பேசுறேன்” என்றார் கடைசியில். “ஆனா எந் தங்கச்சி வரணும். அவ மகளுக்குக் கல்யாணம் நடந்துச்சு. போட்டோ எடுக்கயில என்னைய, அடுப்படியப் பாத்துக்கக்கான்னு அனுப்பிட்டா. அந்த ஆல்பத்துல நான் இல்ல. அவ முன்வரிசையில ஒக்காந்து என்னைய மேடையில பாக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

நான்தான், “முன்வரிசையில நானே துண்டு போட்டு எடம் பிடிச்சுத் தர்றேன்” என்றேன்.

“பஸ்ஸுன்னு நெனச்சீகளா டைம்கீப்பரே” என்றார். சிரித்தபடி சொன்னது குரலில் தெரிந்தது.

ஜூலை 5, சனி

மரகதம் வரவில்லை. ஆனி முகூர்த்தம், ஜாக்கெட் வேலை குவிந்திருக்கும். மின்விசிறிக்குக் கீழே பால்ச்சாமி உட்காரப் பார்த்தான். அந்த நாற்காலியின் கால் ஆடுகிறது என்று சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினேன்.

ஜூலை 8, செவ்வாய்

செல்லூரில் என் பழைய கண்டக்டர் சிநேகிதன் ஒருவன் இருக்கிறான், பார்க்கப் போனேன். அவன் வீடு மாறிப் பல வருடம் ஆகிவிட்டது என்பது அங்கே போனபிறகு ஞாபகம் வந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டுக்குள் தையல் மிஷின் ஓடும் சத்தம். எதிரில் இருந்த பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்தேன். மிஷின் நின்றது, திரும்பவும் ஓடியது. இன்னொரு சோடா குடித்தேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். என் வீட்டுக்காரி தவறிப்போன பிறகு ரசம் மட்டும் எனக்கு வந்தபாடில்லை. மற்றபடி என் சமையலைச் சாப்பிட்டவர்கள் விரலைக் கடித்திருக்கிறார்கள்.

ஜூலை 12, சனி

மதுரையில் காது குத்துக்கே பேனர் வைக்கிறோம். ஆண்டு விழாவுக்குப் பேனர் இல்லை என்றால் நாளைக்கு யார் மதிப்பார்கள். இந்து பரீட்சைப் பேப்பர் திருத்தப் போயிருந்தாள், அவளைத் தொந்தரவு செய்யவில்லை. விழா அன்று கண் முன்னால் நிறுத்தி அசத்திவிடலாம் என்று இருக்கிறேன்.

அடையாள அட்டைக்காக எல்லோரும் கொடுத்த போட்டோக்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்தன. பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு ஃபிளெக்ஸ் கடைக் கார்மேகத்திடம் போனேன். என் சொந்தப் பணம்தான், இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பத்தடிக்கு எட்டடி அளவு. நடுவில் நான், கறுப்புக் கண்ணாடியோடு. கீழே ‘நிர்வாகச் செம்மல் டைம்கீப்பர் வீ. சங்கையா’. சுற்றிலும் எல்லோருடைய முகங்களும். மரகதத்தின் படத்தை எனக்கு வலது பக்கம் வைக்கச் சொன்னேன். மேடையில் பேசப்போகிறவர் என்கிற முறையில்.

“பளிச்சுனு இருக்கணும்டா. பாக்குறவன் நின்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூலை 19, சனி

விழா பிரமாதம். ஐந்நூறு பேருக்குக் குறையாது. நாற்காலி எண்பதுதான் போட்டிருந்தோம், அதிலும் பின்னால் கொஞ்சம் காலி.

பேனர் மண்டப வாசலில் நின்றது. நான் அதற்குப் பக்கத்தில் மந்திரி மாதிரி நின்றேன். முதலில் பால்ச்சாமி ஆட்டோவில் வந்து இறங்கினான்.

“மாமா, நடுவுல இருக்கறது ஆரு, உங்க தம்பியா? தலையில இம்புட்டு முடி இருக்கு.”

“கிண்டல் பண்ணாம உள்ள போடா.”

அவன் போகவில்லை. சிரித்துக்கொண்டே தன் படத்தைத் தேடினான். கண்டுபிடித்தான். சிரிப்பு நின்றுவிட்டது. அவன் கை தன் கன்னத்துக்குப் போனது. பேனரில் இருந்த பால்ச்சாமிக்கு இரண்டு கன்னமும் ஒரே மாதிரி வழவழவென்று இருந்தன. “நாலு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தேன் மாமா” என்றான். “இந்தக் கடக்காரன் அஞ்சு நிமிசத்துல ஆத்திப்புட்டான்.” அப்படியே உள்ளே போய்விட்டான். பாராட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.

அப்புறம் மரகதம் வந்தார். நீலப் பட்டுப் புடவை. கூடவே தங்கச்சி, தங்கச்சி வீட்டுக்காரர், கல்யாணம் ஆன மகள். சொன்னபடி கூட்டி வந்துவிட்டார். தங்கச்சிதான் பேனரை முதலில் பார்த்தது.

“அக்கா, இங்க பாருக்கா. ஒரு வெள்ளையுமில்லாம எம்புட்டு லட்சணமா இருக்க. இந்தப் போட்டோ அப்பவே இருந்திருந்தா ஆல்பத்துல சேத்திருப்பம்ல.”

அந்த அம்மாள் அதை ஆசையாகத்தான் சொன்னார். மகள் செல்போனில் பேனரைப் படம் எடுத்தாள். மரகதம் படத்துக்கு முன்னால் நின்றார். எவ்வளவு நேரம் என்று டைம்கீப்பரான எனக்கே சொல்லத் தெரியவில்லை.

“இது ஆரு?” என்றார்.

“நீங்கதான்மா.”

“அப்படிங்களாண்ணே” என்றார்.

உள்ளே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசையில் நான் துண்டு போட்டு வைத்த இடத்தில் தங்கச்சி குடும்பம் மட்டும் இருந்தது. இந்து மேடையிலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்திருக்கவில்லை. திரும்பவும் கூப்பிட்டாள். “தையல் கெடக்கு” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விட்டார். வாசல் வழியாகப் போனால் பேனரைத் தாண்ட வேண்டும்.

சாப்பாடு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

இந்து வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“போட்டோவப் போடலாமான்னு ஒருத்தரயாவது கேட்டீங்களா மாமா?”

“நல்லதுக்குத்தான தாயி.”

“ஒவ்வொருத்தரும் இந்த மொகத்தோட தெருவுல நடக்கறதுக்கு எத்தன வருசம் ஆயிருக்குன்னு தெரியுமா? நீங்க வாசல்லயே நிப்பாட்டி, இந்த மொகம் வேணாம், வேற மொகத்தோட வாங்கன்னு சொல்லிட்டீங்க.”

“அந்தக் கார்மேகம் பய பண்ணுன வேல. எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “பேனர நானே எடுத்துச் சுருட்டி வச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். இனி வர வேண்டாம் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜூலை 23, புதன்

கார்மேகத்திடம் சண்டைக்குப் போனேன். அவன் தன் போனை எடுத்து நான் அனுப்பியிருந்த குரல் பதிவைப் போட்டுக் காட்டினான். “அண்ணே, இந்த வெள்ளை, தழும்பு எல்லாம் எடுத்துரவா” என்று அவன் கேட்டதற்கு, “எடுத்துருடா, எனக்கும் கொஞ்சம் நரையை எடு” என்று என் குரல். நல்ல கணீர் என்ற குரல். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

ஜூலை 26, சனி

பால்ச்சாமி வந்தான். மற்றவர்களும் வந்தார்கள். டீ கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். மரகதம் வரவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன்.

ஜூலை 30, புதன்

செல்லூர் போனேன். இந்தத் தடவை சிநேகிதனைப் பார்க்க என்று எழுதப் போவதில்லை.

கதவு திறந்திருந்தது. மிஷின் முன்னால் இருந்தார். காலை நிறுத்தாமலே, “வாங்க, ஒக்காருங்க” என்றார். ஒரு பள்ளிக்கூடப் பாவாடை ஓடிக்கொண்டிருந்தது. நான் வழியெல்லாம் ஒரு பெரிய பேச்சுத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கடையில் நாலு பேர் முன்னால் கார்மேகத்தை அடித்துவிட்டதாகக்கூட அதில் இருந்தது. வாயைத் திறந்தால், “நாந்தான் எடுக்கச் சொன்னேன்” என்று வந்துவிட்டது.

“தெரியும்” என்றார். “கடக்காரனுக்கு என் மேல என்ன அக்கற?”

தையல் முடிந்து நூலைப் பல்லால் கடித்தார்.

“வெள்ள வர ஆரம்பிச்சதுல இருந்து பவுடர் பூசினேன். கழுத்து வரைக்கும். வேர்த்தா வழியும், திரும்பப் பூசுவேன். ராத்திரி அந்தாளு தூங்குன பெறகுதான் மொகம் கழுவுவேன். அவரு போனதுக்கு அப்புறமும் பூசினேன், ஆருக்குன்னே தெரியாம. உங்க சனிக்கிழமைக்கு மொதல்ல வந்த அன்னைக்குத்தான் பூசல. அந்த மொகத்த எந் தங்கச்சி பாக்கணும்னு கூட்டியாந்தேன். நீங்க அம்புட்டுப் பெரிய பவுடர் டப்பாவ வாசல்லயே வச்சுட்டீக.”

“தப்புதான்மா.”

“தப்பு இருக்கட்டும். ஒண்ணு கேக்குறேன். அந்தப் படத்த விடுங்க. எம் மொகத்துல எங்கெங்க வெள்ள இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்.” பாவாடையைத் தூக்கித் தன் முகத்துக்கு முன்னால் திரை மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

எனக்கு அவருடைய செருப்பின் வார் தெரியும், இடது செருப்பில் வேறு நிற நூலால் தைத்திருக்கும். பையின் கைப்பிடி தெரியும். எந்தச் சனிக்கிழமை எந்தப் புடவை என்று சொல்ல முடியும். சுண்டு விரலின் நகம் வரை தெரியும். முகம் தெரியவில்லை. நெற்றியில் இருக்கிறதா, கன்னத்திலா. ஸ்டாண்டில் எந்த டிரைவரைப் பின்னாலிருந்து பார்த்தாலும் பெயர் சொல்லுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

“மரியாதைக்காகத்தான் பாக்கல” என்றேன்.

“வெறிச்சுப் பாக்குறவன் பத்துப் பேரு இருப்பான் டைம்கீப்பரே. மூஞ்சியத் திருப்பிக்கிறவன்தான் ஊரு பூராம் இருக்கான். அவனும் மரியாதைன்னுதான் சொல்றான்.” பாவாடையை இறக்கினார். “இப்பப் பாருங்க.”

பார்த்தேன்.

நெற்றியில் பொட்டுக்கு மேல் வெள்ளை தொடங்கி இடது புருவம் வரை இறங்குகிறது. அந்தப் புருவத்தில் பாதி முடியும் வெள்ளை. இரண்டு கண்ணைச் சுற்றியும் இருக்கிறது. வாயோரத்தில் இரண்டு பக்கமும், ஆனால் வலது பக்கம் கூட. வலது கன்னத்தில் வெள்ளைக்கு நடுவில் பழைய நிறம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. தீவு மாதிரி என்று எழுதப் போனேன். தீவு இல்லை, தோல். மூக்குக்குப் பக்கத்தில் ஒரு மச்சம். கண் பழுப்பு. அதற்குக் கீழே தூக்கம் இல்லாத கருமை. பார்த்துக்கொண்டிருந்தபோது அவரும் என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் கண்ணைத் தாழ்த்தினேன், பிறகு திரும்பவும் பார்த்தேன்.

இதில் நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

கிளம்பும்போது, “சனிக்கிழம வருவீகளா?” என்று கேட்டேன்.

“உங்களுக்காக வர மாட்டேன்” என்றார். “எனக்கா வரணும்னு தோணுனா வருவேன்.”

மிஷின் ஓட ஆரம்பித்தது. தெருமுனை வரை கேட்டது.

ஆகஸ்ட் 2, சனி

வரவில்லை. பால்ச்சாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கன்னத்தைப் பார்த்துக் கேட்டேன். “என்ன மாமா இன்னைக்கு இப்படிப் பாக்குறீக, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி” என்றான். மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டேன். ஒருவர் பதில் சொல்லவில்லை. அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. சைக்கிள் பஞ்சர். வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 9, சனி

டீயை எல்லோருக்கும் ஊற்றி முடித்த பிறகு மரகதம் வந்தார்.

புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள், துப்பட்டாவை மூக்கு வரை சுற்றிக்கொண்டு. மரகதம் நேராகப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டம் முடியும்வரை அவளிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. தங்கச்சியிடம் பேசியிருப்பாரா, மறுபடி மேடை என்று ஒன்று இருந்தால் ஏறுவாரா என்றெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்கும் இடத்தில் நான் இல்லை. நான் நாற்காலிகளை அடுக்கவேண்டிய இடத்தில் இருந்தேன்.

ஃபிளாஸ்கில் ஒரு டம்ளர் டீ மிச்சம் இருந்தது. கொண்டுபோய் நீட்டினேன். டம்ளரைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார்.

“சக்கர கம்மி” என்றார்.

அவ்வளவுதான் பேசினார்.

எல்லோரும் போன பிறகு இந்து விளக்கை அணைத்துக்கொண்டே, “என்ன மாமா, இன்னைக்கு ஒரு கதையும் காணோம். மரகதக்கா ஏதாச்சும் பேசுனாங்களா?” என்று கேட்டாள்.

வேறு நாளாக இருந்தால் அரைமணி நேரம் சொல்லியிருப்பேன். படியிறங்கிக்கொண்டே, “ஒண்ணுமில்ல தாயி” என்றேன். அந்த இரண்டு வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை. அதை நானே வைத்துக்கொண்டேன்.